மெல்போர்னிலிருந்து திரும்புகிறோம்: கோவையா, பொள்ளாச்சியா, கோபியா?

காங்கயத்துப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ரொம்ப வருசமா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதறேன்.

பதினாறு வருசமா மெல்போர்ன்ல இருக்கோம். நாலு பேரும் இப்ப ஆஸ்திரேலியக் குடிமக்கள், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களாயிட்ட இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்திய அரசு தர்றது) இருக்கு. மகளுக்கு 12, மகனுக்கு 8. வர்ற சித்திரையில ஊருக்கே வந்துடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. வரலாமா வேண்டாமாங்கற பேச்சு முடிஞ்சுபோச்சுங்க. எங்கே இருக்கறதுங்கறதுலதான் ஒரு வருசமா இழுபறி.

எங்கூட்டுக்காரருக்கு இதே வேலைதான், வீட்டிலிருந்தே பார்க்கலாம். அங்கே காலை ஒன்பது மணின்னா நமக்கு நாலரை. அவங்க கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெக்கற ஆறு மாசம் மூணரை. அந்நேரத்துல கரண்ட்டும் இணையமும் இருந்தாகணும்.

மாமனார் போய் மூணு வருசம் ஆச்சு. அத்தைக்கு 74. கோபிக்கும் (கோபிசெட்டிபாளையம்) கவுந்தப்பாடிக்கும் நடுவுல, தோட்டத்துச் சாளை வீட்டுல தனியா இருக்காங்க. இருதயத்துல ஸ்டென்ட் வெச்சிருக்கு, மூணு மாசத்துக்கு ஒருக்கா கோயமுத்தூர் போகணும்.

நான் நினைக்கறது கோவை, வடவள்ளிப் பக்கம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் எல்லாம் கைக்கெட்டற தூரம். அவருக்குப் பொள்ளாச்சி. அஞ்சு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கி நடுவுல ஒரு வீடு கட்டணும்னு கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே ஆசை. அத்தை சொல்றது ஒண்ணே ஒண்ணு: "நீங்க எங்க வேணா இருங்க கண்ணு, நான் சாளைய உட்டு வரமாட்டேன்."

நான் பொறந்தது காங்கயத்துக்குத் தெக்கால, மேட்டாங்காடு. நல்லதண்ணிக் குடத்தை இடுப்புல வெச்சு நடந்தே வளர்ந்தவ. தண்ணி இல்லாத ஊருக்கு என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறதுல மட்டும் எனக்கு மனசு ஒப்பாதுங்க. மத்ததெல்லாம் விட்டுக் கொடுப்பேன். இங்கே இருக்கறவங்க, திரும்பி வந்தவங்க, உள்ளதைச் சொல்லுங்க.


பீளமேட்டுக்காரன்:

வாங்கம்மணி. கோவைன்னு பொத்தாம்பொதுவாச் சொல்லாதீங்க, உள்ளுக்குள்ள நாலு ஊரு இருக்குது.

மேற்கால வடவள்ளி, பேரூர், செல்வபுரம் வரைக்கும் பெரும்பாலும் சிறுவாணித் தண்ணி. அணை இருக்கறது பாலக்காட்டு மாவட்டத்து மலைக்குள்ள. அந்த ருசிக்காகவே இந்த ஊரை விட்டுப் போகாதவங்க உண்டு. கிழக்கயும் வடக்கயும் பில்லூர்ல இருந்து பவானி ஆத்துத் தண்ணி. சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனி வந்த வேகத்துக்குக் குழாய் வரலை, இன்னும் பல அடுக்குமாடிகள் போரையும் லாரியையும் நம்பித்தான் ஓடுது.

நான் பட்டதைச் சொல்றேன். 2014-ல் வடக்கால ஒரு அடுக்குமாடியில வீடு வாங்கினேன். கட்டினவங்க பேரு வேண்டாம். "900 அடி போர், வத்தவே வத்தாது"ன்னாங்க. ரெண்டாவது கோடையில வத்திருச்சு. ராத்திரி பதினொண்ணு மணிக்கு லாரி வரும், அந்த மோட்டார் சத்தத்துல பேரன் எந்திரிச்சு அழுவான். பால் காய்ச்சற பாத்திரத்துல அடியில வெள்ளையா ஒரு படிவு, சுரண்டினா ஓடு மாதிரி பேர்ந்து வரும். வீடு பார்க்கப் போறவங்க சமையலறைக் குழாயைத் திறந்து கையில சோப்புப் போட்டுப் பாருங்க. நுரை வரலைன்னா அப்படியே திரும்பிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்க வேண்டியதில்லை.

மத்தபடி ஊரு நல்ல ஊருதான். கடல் மட்டத்துல இருந்து 400 மீட்டருக்கு மேல இருக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியா வைகாசி கடைசியில இருந்து குளுந்த காத்து வருது. சித்திரையில ஈரோடு, கரூர் கொதிக்கற கொதிப்பு இங்கே இருக்காது. அவினாசி ரோட்டை ஒட்டியே பெரிய ஆஸ்பத்திரிகள் வரிசையா இருக்கு. சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, அங்கே ஒரு தடவை மாறினா மெல்போர்ன்.


ஆனைமலை அடிவாரம்:

அக்கா, பொள்ளாச்சிக்காரனா இதைச் சொல்ல எனக்கே சங்கடமா இருக்கு, ஆனா மாமா தோப்பு வாங்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கட்டும்.

இங்கே காத்து, மழை, பச்சை எல்லாம் நிஜம். ஆனியில சாரல் அடிக்க ஆரம்பிச்சா போர்வை தேடணும். ஆனா தென்னை முன்ன மாதிரி இல்லீங்க. வெள்ளை ஈ வந்து ஓலை பூரா கரும்படலம். அதுகூடத் தாங்கிக்கலாம், கேரளத்துல இருந்து வந்த வாடல் நோய்தான் மரத்தையே சாச்சிருச்சு. எங்க அப்பாரு நட்ட மரம், எழுபது எண்பது போன வருசம் வெட்டினோம். அடிமரத்தை ஜேசிபி தள்ளறப்ப அப்பா பார்க்க மாட்டேன்னு வீட்டுக்குள்ள போய் உக்காந்துட்டாரு. தேங்காய் பறிக்க ஆள் கிடைக்கறது இன்னொரு பாடு.

தண்ணி: பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்கால் பாசனம் நாலு மண்டலமாப் பிரிச்சிருக்கு. உங்க மண்டலத்துக்கு முறை வர ரெண்டு வருசம் ஆகும். "பிஏபி பாசனம் உள்ள பூமி"ன்னு விலை சொல்லுவாங்க, எந்த மண்டலம், கடைமடையா தலைமடையான்னு கேளுங்க. கடைமடைன்னா தண்ணி வந்து சேர்றதுக்குள்ள முறையே முடிஞ்சிரும்.

டவுனுக்குள்ள ஒரு வீடு எடுத்து இருந்தா பொள்ளாச்சி அருமையான ஊர். கோவை 40 கிலோமீட்டர்தான். தோப்புக்கு நடுவுல வீடு கட்டி, அதிகாலை மூணரைக்கு இணையத்தை நம்பி வேலை பாக்கறது வேற.


கணக்கு வழக்கு:

தோப்புக்கு முன்னால் சட்டம் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வீடு, வீட்டுமனை, ஃப்ளாட், கடை வாங்கலாம். விவசாய நிலம், தேயிலை காப்பி போன்ற எஸ்டேட், பண்ணை வீடு இந்த மூன்றையும் வாங்க முடியாது. அந்நியச் செலாவணி விதி அது. அஞ்சு ஏக்கர் தோப்பு என்பது விவசாய நிலம். வந்து இங்கேயே குடியிருக்கத் தொடங்கினால் நிலைமை மாறுமா என்பதை விதி தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் வாங்குங்கள், நில புரோக்கர் வாய்வார்த்தையில் நம்பாதீர்கள்.

அடுத்து எல்லாரும் சொல்லும் குறுக்குவழி: "மச்சான் பேர்ல வாங்கிப் போட்டுக்கலாம்." அதற்குப் பெயர் பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு சொத்தே பறிமுதலாகலாம், ஒன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். பணமும் போய் மச்சான் உறவும் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தையின் பூமி விஷயம் இதைவிட முக்கியம். நம் பக்கம் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே மகன் பெயருக்கு தானசெட்டில்மென்ட் எழுதிவிடுவது வழக்கம். ஓசிஐ மகனுக்கு விவசாய பூமியை அப்படி எழுதக் கூடாது. ஆனால் உயில் மூலமாகவோ வாரிசாகவோ வந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எனவே உயில் எழுதிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் விற்பதானால் இந்தியாவில் குடியிருக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும்.

வருமான வரி: முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்தவர்களுக்கு வந்த புதிதில் ஆர்.என்.ஓ.ஆர் என்ற இடைநிலை கிடைக்கும். அங்கே உள்ள வாடகை, வட்டிக்கு அந்தக் காலத்தில் இங்கே வரி இல்லை. ஆனால் கோபியில் உட்கார்ந்து மெல்போர்ன் கம்பெனிக்கு வேலை செய்தால் அந்தச் சம்பளம் இங்கே ஈட்டியதாகத்தான் கணக்கு. பலர் சறுக்குவது இதில்.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு ஓசிஐ அட்டை எந்தத் தேதியில் வாங்கினீர்கள்?


காங்கயத்துப் பொண்ணு:

ரொம்ப நன்றிங்க சார். மகளுக்குப் பொறந்த அடுத்த வருசமே, 2014-ல் வாங்கிட்டோம். மகனுக்குக் கொரோனாவுல தள்ளிப்போய் 2022. ஏனுங்க?


கணக்கு வழக்கு:

4-3-2021 அன்று வந்த அரசு அறிவிக்கையின்படி, மருத்துவம், பொறியியல் போன்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுகளில் ஓசிஐ பிள்ளைகள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கும் (சூப்பர்நியூமரரி) இடங்களுக்கோ மட்டும்தான் போட்டியிட முடியும். உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், அந்தத் தேதிக்கு முன்பே அட்டை வாங்கியவர்களுக்குப் பழைய உரிமை தொடரும் என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் மகளுக்குப் பிரச்சனை இல்லை. மகன் நீட் எழுதினால் பெரும்பாலும் என்.ஆர்.ஐ. இடம்தான், அதன் கட்டணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எட்டு வயதுதான், அவசரமில்லை. ஆனால் தெரிந்துகொண்டு வாருங்கள்.


காங்கயத்துப் பொண்ணு:

ஒரே வயித்துல பொறந்த ரெண்டுக்கும் ரெண்டு விதியா. ராத்திரி பூரா இதையே நினைச்சுட்டு இருந்தேன். எங்கூட்டுக்காரர் தோப்புப் பேச்சை விட்டுட்டாரு, மூணு நாளா அதிகம் பேசலை. இருபது வருசக் கனவுங்க அது.


நொய்யலோரம்:

சகோதரி, நான் ஷார்ஜாவில் 11 வருடம் இருந்தவன். குடியுரிமை மாற்றாமல், இங்கேயே குடியிருக்கத் திரும்பிய பிறகு வாங்கியதால் எனக்கு நிலச் சிக்கல் இல்லை, தண்ணிச் சிக்கல்தான். திருப்பூருக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டிய பூமி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினேன். மலிவாகக் கிடைத்த காரணம் கிணற்றில் இருந்தது. சாயக்கழிவு ஆற்றில் ஓடிய காலத்தில் ஊறியது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்புக்கு வந்தார்கள். ஆனால் மண்ணுக்குள் போன உப்பு தீர்ப்பு வந்த மறுநாள் வெளியே வந்துவிடாது. மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். எந்த ஊரானாலும் கிரயத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பட்டா, வில்லங்கம் பார்க்கிற கவனம் அதற்கும் வேண்டும்.


தடாகம் ரோடு:

வடவள்ளி, தொண்டாமுத்தூர், தடாகம் என்று மலையடிவாரத்தில் பார்க்கிறவர்களுக்கு ரெண்டு வார்த்தை. அந்தக் கிராமங்களில் பல ஹாக்கா என்கிற மலையிடப் பாதுகாப்புக் குழும எல்லைக்குள் வருகின்றன. வீடு கட்ட அந்தக் குழுமத்தின் அனுமதி தனியாக வேண்டும். பஞ்சாயத்தில் ஒரு சீட்டு வாங்கிவிட்டோம் என்று விற்பார்கள், போதாது.

ரெண்டாவது, அது யானை நடக்கிற பூமி. போன மார்கழியில் எங்கள் வீட்டுப் பின்சுவரைத் தள்ளிவிட்டு வாழைக்கு வந்தது. காலையில் பார்த்தால் ஈர மண்ணில் மொறம் அகலத்துக்குக் கால்தடம். எனக்கு அதன் மேல் கோபம் இல்லை, அதன் வழியில் நாம்தான் மதில் எழுப்பியிருக்கிறோம். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு என் பிள்ளைகள் வெளியே விளையாட முடியாது. மலை தெரிகிற வீடு வேண்டும் என்று வாங்கினோம். இன்று ஊருக்குள் வாடகைக்கு இருக்கிறோம்.


சேலத்து மாங்கனி:

யாருமே சேலத்தைச் சொல்லலையே! பெங்களூர் பக்கம், சென்னை பக்கம், ஏற்காடு ஒரு மணி நேரம். வெயில் உண்டு, ஒத்துக்கறேன்.


வாய்க்கால்மேடு:

அம்மணி, நான் கவுந்தப்பாடிக்காரன், வயசு அறுபத்தெட்டு. நாட்டுச்சர்க்கரை ஆலை வெச்சிருந்தவன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு எங்கூர்ச் சந்தையில இருந்துதான் சர்க்கரை போகுது. கோபிச் சீமையைப் பத்தி ஒருத்தரும் எழுதக் காணோம், அதனால எழுதறேன்.

தண்ணி விசயத்துல கோபி அதிர்ஷ்டக்கார ஊருங்க. கொடிவேரியில இருந்து பிரியற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் ரெண்டும் சேர்ந்து சுமார் 24,500 ஏக்கர். அதுக்கு மேட்டுப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால், 200 கிலோமீட்டர் ஓடி ரெண்டு லட்சத்துச் சொச்சம் ஏக்கர் பாயுது. உங்க அத்தை சாளை இருக்கறது கீழ்பவானி வாய்க்கா பாயற ஆயக்கட்டாத்தான் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. வாய்க்கா மண் வாய்க்கா. ஓடறப்பவே கசிஞ்சு கிணத்துக்கு வரும். எங்க கிணறெல்லாம் குடிக்கறது அந்தக் கசிவுத் தண்ணியத்தான். கான்கிரீட் போடலாம், போடக்கூடாதுன்னு ஊரு ரெண்டாப் பிரிஞ்சு போராடினதுக்குக் காரணமே அதுதான். கடைமடைக்காரனுக்குத் தண்ணி போய்ச் சேரணும், எங்களுக்குக் கிணறு ஊறணும். ரெண்டும் வயித்துப்பாடு, யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன்.

குறையையும் சொல்லிடறேன். சித்திரையில வெயில் தாங்காது. கோயமுத்தூர் 80 கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம். ஈரோடு கிட்ட, பெருந்துறையில அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. நெஞ்சுவலின்னு வந்தா முதல் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கோபியிலேயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டி கரையற ஊசி போட்டு, அப்புறம் பெரிய ஊருக்குக் கொண்டு போகலாம். ஆனா சாளையில இருந்து கோபி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தனை நிமிசம்னு ஒரு நாள் கார் ஓட்டிப் பார்த்துருங்க. பகல்ல பார்த்தாப் பத்தாது. ராத்திரியில நாய் குறுக்க வரும், கரும்பு லாரி நிக்கும்.

என் மனசுல இருக்கறதைச் சொல்லட்டுமா? எதையும் வாங்காதீங்க. சித்திரையில வந்து வாடகைக்கு இருங்க. சித்திரையில தண்ணி எப்படி, ஆடியில காத்து எப்படி, ஐப்பசியில ரோடு எப்படின்னு ஒரு வருசம் உடம்பால பாருங்க. ஊரு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். தை மாசத்துல பத்து நாள் வந்து ஒப்பிட்டுப் போளியும் அரிசிம்பருப்புச் சோறும் தின்னுட்டு, "அடடா, இதுதான் சொர்க்கம்"னு கிரயம் பண்ணிட்டுப் போனவங்க வீடு எங்க ஊர்ல மட்டும் ஏழு பூட்டிக் கெடக்குது.

அப்புறம் அத்தையைச் சாளைய உட்டு வாங்கன்னு வற்புறுத்தாதீங்க. அந்த வயசுல ஆடு, கோழி, எதுத்த சாளைக்காரி, இதெல்லாம்தான் அவங்களுக்கு மருந்து.


பீளமேட்டுக்காரன்:

வாய்க்கால்மேடு அண்ணன் சொல்றதை அப்படியே ஒத்துக்கறேன். நான் வாடகைக்கு இருந்து பார்த்திருந்தா அந்த வீட்டை வாங்கியே இருக்க மாட்டேன்.


ஆனைமலை அடிவாரம்:

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு வார்த்தை அக்கா. எங்க சித்தி மக லண்டன்ல இருந்து வந்தா. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் கோவையில இருக்கு, கோபியில நீங்க எதிர்பார்க்கற மாதிரி இருக்குமான்னு நேர்ல விசாரிச்சுக்கங்க. அவ மகளுக்குப் பாடம் கஷ்டமா இல்லை. மத்த பிள்ளைங்க தமிழ்ல பேசிச் சிரிக்கறப்ப புரியாம நிக்கறதுதான் அழவெச்சுது. வர்றதுக்கு முன்னாடியே வீட்டுல தமிழ் மட்டும் பேசுங்க.


காங்கயத்துப் பொண்ணு (ஆறு மாதம் கழித்து):

எல்லாருக்கும் வணக்கமுங்க. கேட்டுட்டுக் காணாமப் போறது தப்பு, அதனால வந்தேன்.

சித்திரை பொறந்து மூணாம் நாள் வந்து இறங்கினோம். கோபி டவுன்லயே வாடகை வீடு, 11 மாச ஒப்பந்தம். சாளை அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர். வந்த முதல் வாரம் மகனுக்கு வேர்க்குரு, மகளுக்குக் கோபம், எனக்குத் தலைவலி. வெயில், வாய்க்கால்மேடு அண்ணன் சொன்னதுக்கு மேலேயே இருந்துச்சு. இணையம் ரெண்டு கம்பெனி எடுத்திருக்கோம். ஒண்ணு மூணு தடவை அறுந்துச்சு, மத்தது காப்பாத்துச்சு. இன்வெர்ட்டர் இல்லாம இந்த வேலை நடக்காது.

வைகாசிக் கடைசியில ஒரு மாசம் பொள்ளாச்சியில ஒரு வீடு எடுத்து இருந்து பார்த்தோம். சாரல்ல நனைஞ்சுட்டே அவரு தினமும் ஆழியாறு ரோட்டுல நடந்தாரு. ரொம்ப சந்தோசமா இருந்தாரு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா திரும்பி வர்றப்ப அவராவேதான் சொன்னாரு, "இங்க வந்து வந்து போலாம்"னு. வடவள்ளியில ரெண்டு வீடு பார்த்தேன், சோப்பு நுரை வந்துச்சு. அந்த ஆசை எனக்கு இன்னும் போகலை. மகள் பத்தாவது முடிக்கறப்ப மறுபடி யோசிக்கணும்.

ஆடியில ஒரு ராத்திரி ஒண்ணேமுக்காலுக்கு அத்தை போன் பண்ணாங்க. "நெஞ்சு என்னமோ பண்ணுது கண்ணு." எங்க வீட்டுல இருந்து சாளைக்கு பதிமூணு நிமிசம், சாளையில இருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினாறு. முன்னாடியே ஒரு ராத்திரி ஓட்டிப் பார்த்து வெச்சிருந்ததால எந்த வளைவுல வேகத்தடைன்னு அவருக்குத் தெரியும். ஈசிஜி எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, விடிய விடிய வெச்சிருந்தாங்க. இருதயம் இல்லை, வாயுன்னு சொல்லி அனுப்பினாங்க. காலையில வாசல் படியில உக்காந்து டீ குடிச்சாங்க. நான் வடவள்ளியில இருந்திருந்தா அந்த போனை எடுத்து என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுட்டே நின்னேன்.

கணக்கு சார், அத்தை உயில் எழுதிப் பதிவும் பண்ணியாச்சு. சப்ரிஜிஸ்ட்ரார் ஆபீசுல செட்டில்மென்ட்டே எழுதிடலாமேன்னு பத்திரம் எழுதறவரு சொன்னாரு, உங்க பதிவைக் காட்டினேன்.

வாய்க்கால்மேடு அண்ணா, நீங்க சொன்ன கசிவுத் தண்ணியைக் கண்ணால பார்த்தேன். சாளைக் கிணறு கல்லுக்கட்டு, இறங்கறதுக்குப் படி வெச்சது. நாங்க வந்தப்ப பதினேழு படி வெளியே தெரிஞ்சுது, அடியில பச்சையா கொஞ்சம் தண்ணி. அத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எண்ணி, அட்டாலி மேல இருக்கற காலண்டர்ல எழுதி வெக்கறாங்க. மாமனார் தொடங்கின பழக்கமாம். வாய்க்கால்ல தண்ணி விட்டு ஆறு வாரம் ஆச்சு. இப்ப அந்த வேலையை என் மகன் வாங்கிட்டான். போன வெள்ளிக்கிழமை எண்ணிட்டு வந்து தமிழ்லயே சொன்னான், "ஆத்தா, ஆறு படிதான் தெரியுது."

ஐப்பசி பார்க்கணும், தை பார்க்கணும். வாங்கறதைப் பத்தி அதுக்கப்புறம் கேக்கறேனுங்க.


வாய்க்கால்மேடு:

பொழுதோட ஒரு நாள் சாளைக்கு வர்றேன் அம்மணி. ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி எப்ப விடறாங்கன்னு தகவல் வந்ததும் சொல்லி விடறேன், பையன் எழுதி வெச்சுக்கட்டும்.